ஒரு நொடியில் திறந்த பக்கம்

அந்தப் பக்கம் மெதுவாகத் திறந்துகொண்டிருந்த வரைக்கும் நபீஸாவுக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கவில்லை. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். மெதுவாகத் திறக்கும் வெப்சைற்றைத் திட்டித் தீர்த்துத் திருத்திக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில்.

பாசிக்குடாவில் இரண்டு ஹொட்டேல்களுக்குக் கணினி வலையமைப்பு பார்க்கிறேன். வைஃபை அறுந்தால் மனேஜர் கத்துவார், நான் அவரைவிடச் சத்தமாகக் கத்துவேன், பிறகு இருவரும் தேத்தண்ணீர் குடிப்போம். டினோஷாவுக்கு வாய் நீளம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வாய் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அடங்கிப்போனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் பழைய வீடு அது. அலோசியஸ் அங்கிளும் மவுறீன் அன்ரியும் அங்கே ஒரு சிறிய நிலையம் நடத்தினார்கள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய், திரும்பி வர முடியாமல் அகப்பட்டுக்கொண்ட பெண்களுக்கான நிலையம். அங்கிள் பறங்கியர், போர்த்துக்கேய வழி வந்தவர். தகப்பன் தச்சுப்பட்டறை வைத்திருந்தார்; மகன் அதே பட்டறையில் ஒரு கணினிக் கம்பனி தொடங்கி, நிலையத்துக்கென்று ஒரு வெப்சைற்றையும் தன் கையாலேயே செய்தார். அகப்பட்ட பெண் எவருடைய போனிலாவது அந்தப் பக்கத்தைத் திறந்து, தனக்குத் தரப்பட்ட இரகசியச் சொல்லை அடித்தால் போதும். எழுதலாம், எங்கள் பதிலை வாசிக்கலாம். மூடிவிட்டால் போனில் ஒரு தடயமும் இராது. போன வருடம் டிசம்பரில் அங்கிள் மாரடைப்பில் போய்விட, கணினி வேலை என் தலையில் விழுந்தது. காசு வாங்காமல்தான் செய்தேன். விருப்பத்தோடுதான் செய்தேன்.

நபீஸா ஏறாவூர்க்காரி. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வளைகுடாவுக்குப் போனவள். நான்காவது வருடம் நடந்துகொண்டிருந்தது. பாஸ்போர்ட் எஜமானியின் அலுமாரியில். போனையும் பறித்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை குளிக்கும்போது, துவாயோடு கதவுக்கு வெளியே நிற்கிற ஐந்தாறு நிமிடம், பிள்ளையின் டெப், அந்தச் சின்னத் தொடுதிரைக் கணினி, அவள் கையில் இருக்கும். அதில் யாரையும் அழைக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்தைத் திறக்கலாம்.

தூதரகத்தில் ஒருவர் உதவத் தயாராக இருந்தார். கதவைத் தட்ட அவருக்கு ஒரு விலாசம் வேண்டும், அவ்வளவுதான். நபீஸாவுக்கோ தான் இருக்கும் தெருவின் பெயர்கூடத் தெரியாது. வீட்டை விட்டு வெளியே விட்டால்தானே! குர்ஆன் ஓதிய பழக்கத்தில் அரபு எழுத்துக் கூட்டுவாள். மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது தெரியும் பலகைகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து வந்து, நாளுக்கொரு துண்டாக அனுப்பிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலின் பச்சைக் குவிமாடம் ஒரு நாள். ஒரு பேக்கரியின் பெயரில் பாதி இன்னொரு நாள். மற்றப் பாதி வர மூன்று கிழமை எடுத்தது.

ஏன் மூன்று கிழமை என்று அவளே எழுதியிருந்தாள்: "பக்கம் திறக்க முதல் புள்ள குளிச்சி முடிஞ்சிருது. வட்டம் சுத்திக்கிட்டே இரிக்கி."

நான் பார்த்தேன். இருபத்தேழு நொடி. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

எல்லோரும் செய்வதைத்தான் முதலில் நானும் செய்தேன். படங்களைச் சின்னதாக்கினேன். இருபத்தேழு நொடி. தேவையில்லாத எழுத்துருக்களைத் தூக்கி எறிந்தேன். அதே இருபத்தேழு. பக்கத்தை வெளிநாட்டில் வைத்திருக்கும் சேர்வர்க்காரனுக்கு நான்கு காரமான மின்னஞ்சல் போட்டேன். அவன் பொறுமையாகத் தன் பக்கத்தில் பிழையில்லை என்றான். கடைசியில் பெயரை விட்டுவிட்டு, சேர்வரின் எண்ணை நேரடியாக அடித்துப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. அப்படியானால் பக்கம் வருவதில் தாமதமில்லை. பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டு அறிவதில்தான் தாமதம்.

ஒரு வெப்சைற்றின் பெயரை அடித்ததும், அது எந்த இயந்திரத்தில் குடியிருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அதைச் சொல்வதற்கென்றே நேம் சேர்வர்கள் இருக்கின்றன. எங்களுக்கு இரண்டு. ஒன்று அலோசியஸ் அங்கிளின் கம்பனிப் பெயரில் அவர் பட்டறையில் ஓடிய பழைய இயந்திரம். மற்றது வெளியே வாடகைக்கு எடுத்தது. ஒக்டோபர் மழையில் பட்டறைக் கூரை ஒழுகி, அங்கிளின் இயந்திரம் நனைந்து செத்துவிட்டிருந்தது. ஆனால் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. தபால்காரன் பூட்டிய வீட்டுக் கேற்றைத் தட்டி, நின்று பார்த்து, அலுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் விசாரிப்பதுபோல, கேள்வி அங்கே போய்க் காத்துக் கிடந்துவிட்டு இரண்டாவதிடம் வந்தது. எங்கள் பக்கத்துக்குள் படத்துக்கு ஒரு பெயர், கடிதப் பெட்டிக்கு ஒரு பெயர் என்று ஐந்து இருந்தன. ஐந்துக்கும் ஐந்து காத்திருப்பு.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து இரண்டு நிமிட வேலை. பட்டியலில் இருந்து அங்கிளின் பெயரை எடுத்துவிட வேண்டும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வோம் என்று மவுறீன் அன்ரியிடம் போனேன்.

அவர் அங்கிளின் மடிக்கணினியைத் தூசு தட்டிக்கொண்டிருந்தார். அங்கிள் போன நாளில் மூடியது. அதன்மேல் அவருடைய செபமாலை வைத்திருந்தது. யாரும் அதைத் திறப்பதில்லை.

"டினோ, ஆண்டுப் பூச முடியட்டும் மகள்," என்றார். "லெற்றர் தலைப்பில அவர்ர பேர் முதலாவதாக் கிடக்கு. போர்ட்டில கிடக்கு. ஆண்டு முடிய முதல் ஒண்டையும் அழிக்கிறல்ல எண்டு நேந்திருக்கன். எங்கட வீடுகளில அப்பிடித்தான்."

"அன்ரி, இது போர்ட் இல்ல. கொம்பியூட்டர்ர கணக்கு. ஒருத்தருக்கும் தெரியப்போறல்ல."

"எனக்குத் தெரியுமே."

இந்த இடத்தில்தான் என் நீளமான வாய் அடங்கியது. எங்கள் அம்மம்மா செத்தபோது, வருடம் முடியும்வரை குடும்ப அட்டையில் அவர் பெயரை வெட்ட விடாமல் அம்மா அழுதது ஞாபகம் வந்தது. ஆண்டுப் பூசைக்கு ஆறு கிழமைதான் இருந்தது. பக்கத்துக்குள் இருந்த ஐந்து பெயர்களை இரண்டாகக் குறைத்துக் கொடுத்தேன். இருபத்தேழு நொடி பதினொன்றாக இறங்கியது. பதினொன்று போதும் என்று நானே தீர்ப்பும் எழுதினேன். வளைகுடாவில் துவாயோடு நிற்கிறவளிடம் கேட்டா எழுதினேன்?

நவம்பர் கடைசியில், ஒரு புதன்கிழமை மத்தியானம், பாசிக்குடாவில் சாப்பாட்டுக்குப் பிறகு பழக்கத்தில் பக்கத்தைத் திறந்தேன். ஒரு நொடியில் திறந்தது. மூடித் திறந்தேன். ஒரு நொடி. இன்னொரு போனில் பார்த்தேன். சில தடவை கொஞ்சம் தாமதித்தாலும், பல தடவை பளிச்சென்று வந்தது. சந்தோசத்தில் மவுறீன் அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"அவர்தான் மேல இருந்து பாத்திருப்பார்," என்றார் அன்ரி.

நானும் சிரித்தேன். ஏன் திறக்கவில்லை என்று தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிற எங்கள் தொழிலில், ஏன் திறக்கிறது என்று கேட்கிற பழக்கம் இல்லை. ஓடுகிறதா, தொடாதே. என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதும் அதுதான்.

பிறகு கடிதங்கள் குறைந்தன. நாளுக்கு ஏழெட்டு வந்த இடத்தில் இரண்டு, மூன்று. நபீஸாவிடமிருந்து ஒன்றுமே இல்லை. அன்ரி தினமும் கேட்டார். பள்ளிக்கூட விடுமுறையாக இருக்கும், பிள்ளை எங்காவது போயிருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். ஒன்பதாவது நாள் இரவு அன்ரி, "டினோ, எனக்கு நெஞ்சு படபடக்குது," என்று செய்தி அனுப்பினார். காலையில் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. வாவி மழைத்தண்ணீரில் வீங்கி, பின்மதிலின் பாதியளவுக்கு வந்து நின்றது. வாசலில் நபீஸாவின் மூத்த சகோதரர் றவூப் நின்றார்; நானா, அதாவது அண்ணன், என்றுதான் நாங்களும் அவரைக் கூப்பிடுவோம். ஏறாவூரில் மீன் வியாபாரம் செய்பவர். கையில் ஒரு பை நிறைய வாவி இறால், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, உங்களுக்கும் மெடத்துக்கும்தான். காலங்காத்தால வலைல பட்டது," என்றார். "அல்ஹம்துலில்லாஹ். எப்பிடி நன்றி செல்லுற எண்டே விளங்கல்ல."

"என்னத்துக்கு நன்றி, நானா?"

"உங்கட ஆள்தான் செவ்வாக்கிழம போன் எடுத்தாரே. இண்டைக்கு ஜும்மா முடிஞ்ச கையோட பின்கேற்றடிக்கு வண்டி வரும், நபீஸாவ ஏத்திப்போம் எண்டு. ஒப்பீஸுக்கு எடுக்காதீங்க, போன ஒட்டுக் கேக்கிறாங்க எண்டும் சென்னார். அதான் எடுக்காம நேர வந்தன். வராம இரிக்க மனசு கேக்கல்ல."

மவுறீன் அன்ரி கையை நீட்டிப் பையை வாங்கியவர், அப்படியே நின்றார். எங்களிடம் ஆண் ஊழியர் எவரும் இல்லை. நாங்கள் எந்த வண்டியையும் ஒழுங்கு செய்யவில்லை. அன்ரியின் முகத்தைப் பார்த்தே றவூப் நானா புரிந்துகொள்ளத் தொடங்கினார்.

"அப்ப அந்தாள் ஆரு?" என்றார். "கரண்டு பில் நம்பர வெச்சி வூட்டக் கண்டுபுடிச்சிட்டம் எண்டாரே. குசினி லாச்சில பில் கிடக்கும், பாத்து எழுதுங்க எண்டு நீங்கதான் அவளுக்கு எழுதினதாமே?"

நாங்கள் எழுதவில்லை. ஒரு வருடமாக எங்களுக்குத் தோன்றாத கேள்வி அது.

நிலையத்து மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். என் கணினியில் பக்கத்தைத் திறந்தேன். ஒரு நொடியில் வந்தது. அங்கிள் தெரிவு செய்த அதே நீல நிறம், அதே எழுத்து. இரகசியச் சொல் கேட்கும் பெட்டியில் வாய்க்கு வந்ததை அடித்தேன். எங்கள் பக்கமாக இருந்தால் என்னை வெளியே தள்ளியிருக்கும். இது உள்ளே விட்டது. நல்ல தமிழில் இப்படி எழுதியிருந்தது:

"உங்கள் பழைய கடிதங்கள் அழிந்துவிட்டன. வருந்துகிறோம். வீட்டு விபரம், குடும்பத்தாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை மீண்டும் எழுதுங்கள். விரைவில் உங்களை மீட்போம்."

ஒன்பது நாளாக நான் மெச்சிக்கொண்டிருந்தது எங்கள் பக்கத்தையே அல்ல.

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, முதலாவது நேம் சேர்வரிடம் எங்கள் பக்கம் எங்கே என்று கேட்டேன். இயந்திரம் பட்டறையில் துருப்பிடித்துக் கிடக்கிறது; அதை வைத்திருந்தவர் கள்ளியங்காட்டுச் சேமக்காலையில் மண்ணுக்குள். ஆனால் அவருடைய கம்பனிப் பெயர் எனக்கு உடனே பதில் சொன்னது. அது சொன்ன எண் நாங்கள் கண்டதோ கேட்டதோ இல்லை.

"அந்த லப்டொப்பத் திறங்க அன்ரி," என்றேன்.

அவர் செபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு திறந்தார். அங்கிளின் அஞ்சல்பெட்டியில் பெயர்ப் பதிவு பற்றி வாசிக்கப்படாத ஏழு கடிதங்கள். உங்கள் கம்பனியின் இணையப் பெயருக்கான பதிவு முடியப் போகிறது. முடிந்துவிட்டது. முப்பது நாளில் பறிபோகும். பத்து நாளில். நாளை. இறந்தவரின் அட்டையை வங்கி நிறுத்திவிட்டதால் வருடப் புதுப்பிப்பு நடக்கவில்லை. பெயர் சந்தைக்கு வந்தது. யாரோ வாங்கினார்கள்; எங்கள் விலாசம் கேட்டு வருகிறவர்களை அவர்கள்தான் இப்போது தங்கள் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவரின் விபரம் மறைக்கப்பட்டிருந்தது. கேட்பாரற்ற பழைய பெயர்களை வாங்கி, அதை நம்பி வாசலில் நிற்கிறவர் யார் என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அவர்களுக்கு நன்றாக விளங்கியிருந்தது. வீட்டை விட்டு ஓடி வரத் துடிக்கும், பாஸ்போர்ட் இல்லாத, காணாமல் போனால் எஜமானும் தேடி வராத பெண்கள். அப்படிப்பட்டவர்களைப் பிடித்து வேறு வீடுகளுக்கு விற்பதே தொழிலாக உள்ளவர்களைப் பற்றித் திரும்பி வந்த பெண்கள் எத்தனையோ முறை அதே மேசை முன் அமர்ந்து எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பதிவு முடிந்ததா என்று நானாவது பார்த்திருக்க வேண்டும். இயந்திரம் செத்ததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில், பெயர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

"நான் அழிக்க வேணாம் எண்டதாலதானே," என்றார் மவுறீன் அன்ரி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மனிதர் அப்படித்தான் சொல்வார்கள். "ஓம் அன்ரி," என்றேன். "நானும் ஓமெண்டதாலதான்."

பட்டியலில் இருந்து அந்தப் பெயரை எடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் கேட்டு அறிந்த விலாசத்தை உலகமெங்கும் உள்ள இயந்திரங்கள் உடனே மறந்துவிடுவதில்லை. மனதில் வைத்திருந்து அதையே திருப்பிச் சொல்லும். இரண்டு நாள்வரைக்கும் சொல்லும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். நபீஸா அங்கே டெப்பைத் திறந்தால் எங்களிடம் வருவாளா அவர்களிடம் போவாளா என்பது அதிர்ஷ்டம். உண்மையான பக்கத்தில், இரகசியச் சொல்லுக்குக்கூடக் காத்திராமல், சிவப்பில் பெரிதாகப் போட்டேன்: "நாங்கள் வண்டி அனுப்பவில்லை. ஏறாதீர்கள்."

நேரம் பதினொன்றே கால். அங்கே காலை எட்டேமுக்கால். அங்கே ஜும்மாத் தொழுகை முடியும்போது எங்கள் நேரம் பிற்பகல் மூன்று மணியாகும்.

வெள்ளி அங்கே விடுமுறை. தூதரக மனிதர் ஆறாவது முறை அடிக்கும்போதுதான் போனை எடுத்தார். எல்லாம் கேட்டுக்கொண்டு, "இப்பவே நானே போறன். வீடு எங்க?" என்றார். அன்ரி பச்சைக் குவிமாடத்தைச் சொன்னார். பேக்கரியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரில் நகரத்தில் நாற்பது கடை இருக்கிறது என்றார் அவர். ஆனாலும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறேன் என்று புறப்பட்டார். நல்ல மனிதர். வீட்டு எண் வரை அந்தப் பொய்ப் பக்கக்காரர்களிடம் இருந்தது; எங்களிடம் இருந்தது ஒரு பேக்கரி.

றவூப் நானா தனக்குச் செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்த எண்ணுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தார். அடிக்கவே இல்லை. பள்ளிவாசலுக்குப் போகாமல் அங்கேயே ஒரு மூலையில் துவாயை விரித்துத் தொழுதார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்த நாட்டிலிருந்து யாரோ எங்கள் உண்மையான பக்கத்தைத் திறந்தார்கள். வேறொரு பெண். வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளை. "வண்டி எனக்கும் நாளைக்கு எண்டு சொன்னீங்களே?" என்று எழுதியிருந்தாள். அவளை நிறுத்த முடிந்தது. நபீஸா திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டதே.

மூன்று இருபதுக்கு றவூப் நானாவின் போன் அடித்தது. தெரியாத எண். நான் வாங்கி ஒலிபெருக்கியில் போட்டேன்.

"நானா! நான்தான்! வண்டிக்குள்ள இருந்து பேசுறன்!" அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னப் பிள்ளையின் குரல்போல இருந்தது. "வண்டில வந்த இந்தச் சேர்தான் போன் தந்தார். உம்மாக்குச் செல்லுங்க நானா, நான் வாறன் எண்டு!"

"எறங்கு! நபீஸா, எறங்கு புள்ள!" என்று றவூப் நானா கத்தினார்.

நான் போனைப் பிடுங்கினேன். "நபீஸா, நான் டினோஷா. மவுறீன் மெடத்தின்ர ஒப்பீஸ். அது எங்கட வண்டி இல்ல. வண்டி எங்கயாவது நிண்டால் இறங்கி ஓடுங்க. சத்தம் போடுங்க!"

"இறங்கேலா தங்கச்சி. கதவ அவரே பூட்டிட்டார். நான் பயப்படாம இரிக்கத்தானாம்." சிரித்தாள். வண்டியின் இரைச்சலில் நான் சொன்னது பாதிதான் விழுந்திருக்கும். விழுந்ததையும் அவள் நம்பவில்லை. "நீங்கதானா டினோஷா? மெடம் ஒருக்கா எழுதியிருந்தாங்க, பக்கத்தத் திருத்துறது நீங்கதான் எண்டு. முந்தி வட்டம் சுத்திச் சுத்தியே புள்ள குளிச்சி முடிஞ்சிரும். இப்ப தொட்ட உடன திறக்குது தங்கச்சி. அதாலதான் எல்லாத்தையும் ஒரே நாள்ல எழுதக் கிடச்சது. ஒவ்வொரு தொழுகைலயும் உங்களுக்குத்தான் துஆ கேக்கிறன்."

ஓர் ஆண் குரல் மெதுவாக, மரியாதையாக, போதும் என்றது.